பெல்டன் குடாக் கதவும் விதுசனின் பெயரும்

அனுப்புநர்:
சி. கணேஸ்வரன்,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக்,
ஸ்ட்ரெதம், தென் இலண்டன்.

பெறுநர்:
முறைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
தென்துருவப் பழங்கட்டட நிதியம்,
இலண்டன்.

பொருள்: பெல்டன் குடாக் குடிலின் வாசற்கதவுக்கு உபயகாரராகப் பதியப்பட்டவரின் பெயரைத் தங்கள் நிதியம் இறந்தோர் பக்கத்தில் இட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் முறைப்பாடு எழுதலாம் என்று தங்கள் இணையத்தளம் சொல்வதால் தமிழில் எழுதுகிறேன். என் ஆங்கிலம் இயந்திரங்களுக்குப் போதும், இந்த விஷயத்துக்குப் போதாது. மகள் கீர்த்திகா எழுதித் தருவதாகச் சொன்னாள். அவள் எழுதினால் கோபமெல்லாம் வடிகட்டப்பட்டு நன்றிக் கடிதமாக வந்து சேரும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

1. இளமையில் நான் பெல்டன் குடா ஆய்வு நிலையத்தில் ஜெனரேட்டர் பார்த்தவன். யாழ்ப்பாணத்தானுக்குத் தென்துருவத்தில் என்ன வேலை என்று இன்றும் கேட்கிறார்கள். ஜெனரேட்டர் நின்றால் எல்லோரும் விறைத்துச் சாக வேண்டியதுதான், அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இரண்டு குளிர்காலங்கள் அந்த மரக்குடில் எங்களை உயிரோடு வைத்திருந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு.

2. நிலையம் மூடப்பட்டுப் பல காலமாகிவிட்டது. கூரை பனிப் பாரத்தில் இறங்கிவிட்டது, வாசற்கதவு காற்றோடு போய்விட்டது, திருத்துவதற்கு நிதி வேண்டும் என்று தங்கள் நிதியம் அறிவித்தது. தங்கள் நிதி சேகரிப்பு அலுவலர் என்னைத் தேடி வந்து, எங்கள் ஆட்களிடமும் சேர்த்துத் தரும்படி கேட்டார். யாருமே குடியில்லாத இடத்துக் குடிலுக்கு ஸ்ட்ரெதத்தில் யார் ஐயா காசு கொடுப்பார்கள்? ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன். கோயில் திருப்பணிக்குக் கேட்பதுபோல், கூரை ஒருவருக்கு, ஜன்னல் ஒருவருக்கு, அடுப்பு ஒருவருக்கு என்று பிரித்தேன். கொடுப்பவரின் பெயர் அந்தந்தப் பொருளிலேயே எழுதப்படும். இதை நாங்கள் உபயம் என்போம். எங்கள் கோயில்களில் ரியூப் லைட்டிலும் உபயகாரரின் பெயர் இருக்கும், சில வேளை பெயர் மறைத்தது போக மிஞ்சியதுதான் வெளிச்சம். சிறிய பித்தளைத் தகடு என்றால் தடையில்லை என்று தங்கள் அலுவலரும் தலையாட்டினார்.

3. சவுத்தாலில் கடை வைத்திருக்கும் பாஸ்கரன் ஒரு ஜன்னலைப் பொறுப்பேற்று, பெயருக்குக் கீழே கடையின் தொலைபேசி எண்ணும் வேண்டுமென்று நின்றார். பென்குயின்கள் அரிசி மூட்டைக்கு ஓடர் கொடுப்பதில்லை என்று விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் சென்றது. இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகத்தான் எல்லாப் பொருளுக்கும் ஆள் கிடைத்தது. வாசற்கதவை மட்டும் குரோய்டனில் வசிக்கும் எமில்டா அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். தன் பெயரில் அல்ல, தன் மகன் அன்ரன் விதுசனின் பெயரில்.

4. விதுசனைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில் அவர் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டதைத் தாய் தன் கண்ணால் கண்டார். அதன்பின் காணவில்லை. இறந்தார் என்று சொல்ல ஒருவருமில்லை, இருக்கிறார் என்று சொல்லத் தாய் மட்டுமே இருக்கிறார். மாதா கோவிலில் இறந்தோருக்கான பூசையில் இன்றுவரை அவர் மகனின் பெயரைக் கொடுத்ததில்லை. எங்களிடையே காலமானவருக்காகக் கொடுத்தால் ‘ஞாபகார்த்தமாக’ என்று சேர்த்து எழுதுவோம். இருப்பவர் கொடுத்தால் உபயம் என்று பெயர் மட்டும் வரும். அந்த அம்மா என்னிடம் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்: “அண்ணை, செத்த ஆக்களோட என்ர பிள்ளையின்ர பேரைப் போட்டிடாதேங்கோ. அவன் தந்ததெண்டு எழுதுங்கோ. எங்கையாவது ஒரு கதவில அவன்ர பேர் உயிரோட இருக்கட்டும்.” அப்படியே செய்வோம் என்று சொன்னேன். தகட்டையும் நானே வெட்டுவித்துத் தங்களிடம் ஒப்படைத்தேன்.

5. இப்போது நிதியம் முடிவை மாற்றிவிட்டது. குடிலின் அடியிலுள்ள நிலம் இளகிச் சரிவதால் திருத்திப் பயனில்லை, படம் பிடித்துப் பாதுகாத்துவிட்டு அதன்பாட்டில் விழ விடுவது, சேர்ந்த நிதி வேறொரு குடிலுக்குப் போகும் என்று கடிதம் வந்தது. கடிதத்துடன் தகடுகளும் திரும்பி வந்தன. தங்கள் நிபுணர்களுடன் வாதாட எனக்குத் தகுதியில்லை. போய்ப் பார்த்து வரவும் முடியாது, என் முழங்கால் பஸ் தரிப்பிடம் வரைக்குமே மனமில்லாமல்தான் வருகிறது. பாஸ்கரன் இரண்டு நாள் ஏசினார், பிறகு விட்டுவிட்டார். மற்றவர்களும் அப்படியே.

6. ஆனால் தங்கள் இணையத்தளத்தில் கொடையாளர் பெயர்கள் வெளியானபோது பார்த்தால், அன்ரன் விதுசன் மட்டும் தனியாக ‘எம்மைப் பிரிந்தோர் நினைவாக’ என்ற பக்கத்தில், மெழுகுவர்த்திப் படத்துக்குக் கீழே இருக்கிறார். தொலைபேசியில் விசாரித்தேன். பணம் செலுத்தியவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்றால் அந்த இன்னொருவரை இறந்தவராகவே கணினி எடுத்துக்கொள்ளுமாம். மாற்ற வழியில்லையா என்றேன். அமைப்பு அப்படித்தான் என்றார்கள். இத்தனை ஆண்டுகளாக எந்த அரசாங்கமும் எழுதித் தராத மரணத்தைத் தங்கள் கணினி ஒரு நொடியில் எழுதிவிட்டது ஐயா. எனக்கு நெஞ்சு எரிகிறது, யாரிடம் கத்துவது என்றும் தெரியவில்லை.

7. நிதியத்தின் புதிய முடிவை எமில்டா அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கதவு பொருத்தியாயிற்றா என்று அவர் கேட்கும்போதெல்லாம், அங்கே இப்போது குளிர்காலம், கப்பல் போகாது என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். காத்திருக்கப் பழகியவர், ஓம், சரி என்று கேட்டுக்கொண்டார். இப்போது அங்கே பனி விடும் காலம். அதுவும் அவருக்குத் தெரியும்.

ஆகவே பணிந்து கேட்பது:

குடிலைக் காப்பாற்ற இயலாதென்றால் வற்புறுத்தவில்லை. நிதி போகும் மற்றக் குடிலில் ஏதாவதொரு கதவில், உள்ளறைக் கதவானாலும், அந்தத் தகட்டைப் பொருத்த இடம் தாருங்கள். விதிகள் அதற்கும் இடம் தராவிட்டால் தகடு என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கட்டும்.

ஆனால் அந்த மெழுகுவர்த்திப் பக்கத்திலிருந்து விதுசனின் பெயரை எடுத்துவிடுங்கள். இதற்குப் பனி விடவேண்டியதில்லை, கப்பலும் வேண்டியதில்லை.

அவசரத்துக்குக் காரணம் இது. கடந்த ஞாயிறு எங்கள் முதியோர் சங்கத்தில் எமில்டா அம்மா தன் கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மகனைத் தேடி எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதி எழுதி, அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகள் மட்டும் அவருக்குத் தெரியும். பிள்ளையின் பெயர் வந்துவிட்டதென்று எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தார். மெழுகுவர்த்தியை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு, பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார்.

கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மறக்காமல் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் தாங்கள் ஏதாவது செய்ய வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
சி. கணேஸ்வரன்
(ஒப்பம்)

இடம்: ஸ்ட்ரெதம், இலண்டன்
நாள்: 14 அக்டோபர் 2025

இணைப்பு: பித்தளைத் தகட்டின் படம். அதில் உள்ள வாசகம்: ‘வாசற்கதவு உபயம் – அன்ரன் விதுசன்’.