வெளிக்குடிசைக் கணக்கு

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
1937, மாசி மாசம்

சிஸ்டர் அமலோற்பவம் அம்மாவுக்கு அப்பாசாமி கும்பிட்டு எழுதறதுங்க.

சொகமா இருக்கறனுங்க. பல்லு ரெண்டு கொறஞ்சுபோச்சு, வாய் கொறையலீங்க.

மூணு பெத்து மூணையும் பொதைச்ச எம்மக பொன்னாயிக்கு, இன்னொண்ணு தங்குனா உசுருக்கே மோசம்னு உங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்கல்ல. துறையூர்ல ஒருத்தர் ரப்பர் சாமான் இருக்குதுன்னாரு. ஞானஸ்நானம் வாங்குனவ அதைத் தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லி, நாள் எண்ணி நடுவுல தள்ளிப் படுக்கற வழியைக் காட்டுனீங்க. கல்யாணமே கட்டாத அம்மா புருசன் பொண்டாட்டிக்கு நாள் குறிக்கறாங்கன்னு ஊரே சிரிக்குது. நான் கொஞ்சமாத்தான் சிரிச்சேன்.

மருமகன் சூசைக்கு எண்ண வராது. அந்த வேலை என் தலையில. அப்பனுக்கு வெக்கமில்லையான்னு கேக்காதீங்க. எங்கூர்ல தூரமானவ வெளிக்குடிசைக்குப் போயிருவா, உள்ள இருக்கறது யாருன்னு நாய்க்கும் தெரியும். அவ குளிச்சு ஊட்டுக்கு வந்த அன்னைக்குச் சட்டியில ஒரு மொச்சையைப் போடறேன். அப்பறம் தெனம் ஒண்ணு. நீங்க சொன்ன கணக்கு வந்ததும் சூசை பன்னி வெரட்டற பரணுக்குப் படுக்கப் போயிருவான். தங்கமான பையன்.

ஒண்ணுதான் புரியலீங்க. குடிசையில பொன்னாயி தனியாத்தான் இருக்கா. இருமல் மட்டும் ரெண்டு பேரு இருமறாப்பல கேக்குது. ரெண்டாவது எம்பொண்டாட்டி கண்ணாயி. பொன்னாயியைப் பெத்துட்டு அதே குடிசையில செத்தவ. மகளுக்குத் துணைக்கு வாரா போல. என்கிட்டப் பேசறதில்லை, இருந்தப்பவும் அப்படித்தான்.

கெழவன் அப்பாசாமி

திருச்சிராப்பள்ளி
20 மார்ச் 1937

அன்புள்ள அப்பாசாமி ஐயாவுக்கு, ஆண்டவர் துணை.

சிரித்துக்கொண்டே வாசித்தவள் மொச்சையிடம் வந்ததும் நின்றுவிட்டேன். ஐயா, பொன்னாயி குடிசைக்குப் போன நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் அவள் திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். விலகியிருக்க வேண்டிய நாட்களில்தான் அவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊர் வழக்கத்தைக் கேட்காமல் கணக்குச் சொன்னது என் தவறு.

மனைவியின் உயிருக்காக இருவரும் மனமொத்து விலகியிருப்பது பாவமில்லை என்று எங்கள் சுவாமியார் சொல்லியிருக்கிறார். அது கடவுள் உடம்பில் வைத்த ஒழுங்கு. ஆனால் அந்த ஒழுங்கு நம் வழக்கத்துக்காகக் காத்திருக்காது.

அடுத்த முறை அவள் குடிசைக்குப் போனதும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்காக ஜெபிக்கிறேன்.

அமலோற்பவம்

ஆலத்தூர் நாடு
சித்திரை மாசம்

சிஸ்டரம்மாவுக்கு,

கடுதாசி சோளக்காடு சந்தையில மிளகு வேவாரிகிட்டக் கெடந்து மெதுவா வந்துச்சு.

நீங்க கேட்ட வரியை எழுத முடியலீங்க. பொன்னாயி குடிசைக்குப் போகலை.

கலைச்சுறலாம்னு துறையூர்க்காரர் சொன்னாரு. "மூணைப் பொதைச்சாச்சு. இதை நானே கொல்லமாட்டேன்"னுட்டா. மொச்சைச் சட்டியை எடுத்துக் கவுத்து வெச்சுட்டேன்.

குடிசை காலியாக் கெடக்குது. இருமல் நிக்கலை. "யாரப்பா அது?"ன்னா பொன்னாயி. நரின்னேன். "நரின்னா நாய் ஏன் சும்மா படுத்திருக்குது?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.

ஐப்பசி மழைக்கு முந்தி டோலி கட்டிப் புளியஞ்சோலை வழியா எறக்கியுடறேன். ஊட்டுக்கு ஆள் வேணுமுங்க, நான் வரலை. எம்மகளைப் பாத்துக்கங்க தாயி.

அப்பாசாமி

திருச்சிராப்பள்ளி
2 டிசம்பர் 1937

அன்புள்ள ஐயா,

பொன்னாயி பிழைத்துவிட்டாள். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து பெண் குழந்தையை எடுத்தார். கிழிந்துபோன கருப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. இனி அவளுக்கு நாள் எண்ண வேண்டியதில்லை.

சூசைக்கு எங்கள் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பொன்னாயி மலைக்கு வரமாட்டேன் என்கிறாள். அந்த இருமல் கேட்கும் இடத்தில் மகளை வளர்க்கமாட்டாளாம். "அப்பாவை வரச் சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறாள். குழந்தைக்குத் தன் தாயின் பெயரை வைக்க ஆசைப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் ஞானஸ்நானம். இறங்கி வாருங்கள்.

அமலோற்பவம்

ஆலத்தூர் நாடு
மார்கழி மாசம்

சிஸ்டரம்மாவுக்கு,

மக பொழைச்சா. உங்களைக் கேலி பண்ணுன வாயாலயே கும்பிடறேன்.

ஞாயித்துக்கிழமை போனப்பறம்தான் கடுதாசி வந்துச்சு. முந்தி வந்திருந்தாலும் வந்திருக்கமாட்டனுங்க. பொன்னாயி கீழயே இருக்கட்டும். அவ செய்யறது செரி.

பேரு மட்டும், இன்னும் வெக்கலீன்னா, கண்ணாயின்னு வெக்கவேண்டாமுங்க. வெச்சிருந்தா ஊட்டுல வேற சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. அங்க அந்தப் பேரைக் கூப்பிட்டா இங்க இருக்கறவ எந்திரிச்சு வந்துருவா. புள்ளைகிட்ட அவ வர்றது எனக்குப் பயமா இருக்குது.

அவளும் போயிட்டா எனக்கு இங்க ஆருங்க இருக்கறா.

அப்பாசாமி