மட்டக்கம்புக்குக் கீழே

ஜூலை 5, சனி

காலையிலிருந்து தூறல். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு காயவில்லை. ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு போனேன். நாற்றம்.

ரோட்டோரத் தோட்டம் என்றால் சனிக்கிழமை சுற்றுலா வேன் நிற்கும். இன்றும். ஒரு கும்பல் தேயிலை நிரைக்குள் இறங்கி, அம்மாவின் கொழுந்துக் கூடையை வாங்கி மாட்டிப் படம் எடுத்தது. திருப்பிக் கொடுத்த கூடையில் முற்றல் இலை, ஒடித்த கிளை, ஒரு சிப்ஸ் கவர். ஒருவன் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று மூத்திரம் பெய்தான். அதற்குக் கீழேதான் எங்கள் தண்ணீர்க் குடம். சீ.

மத்தியானம் ரொட்டி, தேங்காய்ச் சம்பல். நான் எப்போதும் செடியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். பள்ளியிலும் சுவரைப் பார்த்துத்தான். ஒன்பதாவதோடு நின்றதில் அந்த ஒரு நிம்மதி.

நிமிர்ந்தால், செடிக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒருவன். கையில் நீளக் குச்சி, அதன் நுனியில் போன். போன் என் வாய்க்கு நேராக.

"சாப்பிடுங்க சிஸ்டர். கண்டுக்காதீங்க."

விழுங்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மூடுபனி. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏ புள்ள, நீ போன்ல வந்துட்ட!"

என் வாய். முகம் கொஞ்ச நேரம்தான், பிறகு வாய் மட்டும். ரொட்டி பிய்கிறது. உதட்டில் சம்பல். கன்னம் உப்புகிறது. பின்னால் சோகமான புல்லாங்குழல். மேலே 'கஷ்டத்துக்கு நடுவுல ஒரு வாய் சோறு' என்று எழுத்து. சோறுகூட இல்லை, ரொட்டி.

கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதியவை: பாவம். பல்லு விளக்குமா? நல்ல பசி போல. ஒருவன் வாந்தியெடுக்கும் பொம்மை போட்டிருக்கிறான்.

அம்மாவுக்குப் பெருமை. "எம் மக எவ்வளவு லட்சணமா திங்குது பாரு."

"லட்சணமாவா? மாடு அசை போடுற மாதிரில்ல இருக்கு!"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். லயத்து வரிசை வீடு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள் செல்வி அக்கா.

ஜூலை 10, வியாழன்

குளிர். வெறும் தேத்தண்ணி.

டப்பாவைத் திறந்தாலே அந்த வாய் ஞாபகம் வருகிறது. குமட்டல். நேற்றும் இன்றும் ரொட்டி காக்கைக்கு. இன்று தலை சுற்றி, கூடையோடு நிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு வாயி தின்னுடி. இங்க யாரு பாக்குறா?" அம்மா.

எல்லோரும்தான் பார்த்தாகிவிட்டதே.

மட்டக்கம்பைப் பற்றி யோசித்தேன். செடியின் மேல் அதைக் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டியிருக்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். கீழே கை போனால் தோட்டத்து முதலாளி கத்துவார். "ஏனுங்க அம்மிணி, கம்புக்குக் கீழ எதுக்குக் கைய உடறீங்க? செடி என்னத்துக்கு ஆவும்?" செடிக்குக்கூட இதுவரைக்கும்தான் என்று ஒன்று உண்டு. எனக்கு இல்லை.

செல்வி அக்காவிடம் சொன்னேன். "நீ என்ன தேயிலச் செடியா?" என்றாள். எல்லோரும் சிரிப்பு. இவர்கள் சிரிப்பும் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

வெயில். துணி துவைத்திருக்கலாம்.

அதே வேன். அதே தொப்பி. "சிஸ்டர், உங்க வீடியோ செம ரீச்! இன்னைக்கும் அதே மாதிரி சாப்பிடுங்க." நான் டப்பாவைத் திறக்கவில்லை.

அம்மா உபசாரம் வேறு. "தின்னு பாருங்க தம்பி, எங்க சிலோன் ரொட்டி."

குச்சியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டான். காரம். மூக்கு ஒழுகியது. விரலை நக்கினான். எனக்குள் என்ன புகுந்ததோ, அம்மாவின் போனை எடுத்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"ஐயோ, சாப்பிடறப்போ எடுக்காதீங்க சிஸ்டர்."

எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கையால் வாயை மூடிக்கொண்டான். "ப்ளீஸ். அசிங்கமா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் மடியில் திறக்காமல் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவனை.

"அப்ப எம் மகளோடத அழிச்சிருங்க தம்பி."

"அம்மா, அது நல்லா போயிட்டிருக்கு..."

"அழிங்கங்குறேன்ல. அழிச்சிட்டு மிச்ச ரொட்டியத் தின்னுங்க."

அழித்தான். செல்வி அக்கா தலையை நீட்டிச் சரிபார்த்தாள். மிச்ச ரொட்டியைச் செடி மேல் போட்டுவிட்டுப் போனான். எச்சில். நான்தான் எடுத்து வீசினேன். கையை மண் போட்டுக் கழுவினேன், மூன்று தடவை.

ஜூலை 14, திங்கள்

மறுபடி தூறல். படங்கு மறுபடி ஈரம்.

காலையில் அம்மாவின் போனில் அவன் சாப்பிடுவதைத் தனியாக ஒருமுறை பார்த்தேன். பல், எச்சில், உதட்டோரம் சம்பல். என் வாய் மாதிரியேதான். யார் வாயும் இவ்வளவு கிட்டத்தில் இப்படித்தான் இருக்கும் போல.

நிரையில் செல்வி அக்கா பிடித்துக்கொண்டாள். "அவன் திங்குறதக் காட்டுடி. எல்லா குரூப்லயும் போட்டு விடுவோம்." மற்றவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்தேன்.

"கிறுக்கி!" செல்வி அக்கா.

அம்மா மத்தியானம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "அங்கிட்டுத் திரும்புங்கடி" என்று மற்றவர்களையும் திருப்பினாள்.

ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன். சம்பலில் உப்பு ஜாஸ்தி.