மோந்து பாருட்டி

மைனி,

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மகள் ஒரு துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மம்மி, சூங்கோ நா!" என்றாள். மோந்து பார் என்று தமிழில் சொல்ல அவளுக்கு வராது. நேற்று வாஷிங் மெஷினுக்குள்ளேயே மறந்துபோன துண்டு, ஊசிப்போன வாடை. அது மூக்கில் பட்டதும் எனக்குச் சுரீரென்று வந்தது கோபம். பிடுங்கி எறிந்துவிட்டேன். பிள்ளை மிரண்டுவிட்டாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் அவள் மேல் இல்லை.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். மேனேஜர் பாராட்டினால் சனிக்கிழமையும் வரச் சொல்லப்போகிறார் என்று நினைப்பேன். இந்த லட்சணத்தோடுதான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து உங்கள் செகந்திராபாத் வீட்டுக்கு வந்தேன். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது நீங்கள். அதற்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தீர்கள். அப்படிப்பட்ட நாத்தனார் என்னை நிம்மதியாக விடுவாரா என்ற கேள்வியைப் பெட்டியிலேயே கட்டிக்கொண்டு வந்தேன்.

மாதாப்பூரில் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கும் அங்கே வேலை. சாயங்காலம் ஆபீஸ் வண்டியில் வந்து இறங்குவேன். வண்டி ஓட்டுபவர் சிகரெட்டை அணைக்கவே மாட்டார். நான் உடை மாற்றி வருவதற்குள் அழுக்குக் கூடையிலிருந்து என் துப்பட்டாவை எடுத்துக் கண்ணை மூடி முகர்வீர்கள். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டுவீர்கள்.

"ஏட்டி, இத மோந்து பாரு. வாடை அடிக்கா?"

யாரோடு இருந்துவிட்டு வருகிறாய் என்று கேட்பதாகத்தான் என் காதில் விழும். "தெரியல மைனி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நீங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வாளியில் வினிகர் ஊற்றி ஊறப்போடுவீர்கள். வியர்வைத் துணிக்கு ஆப்பசோடா. ஈரத் துண்டை மற்றத் துணியோடு சேர்க்கக் கூடாது. துவைத்து முடித்த மெஷினை மூடக் கூடாது. மழை விட்டு ஒரு கீற்று வெயில் வந்தாலும் போதும், துணியை உள்பக்கம் வெளியே திருப்பிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவீர்கள்.

ஒருநாள் நான் சோப்புப் பவுடரை அள்ளிக் கொட்டியபோது கையைப் பிடித்தீர்கள். "நக்கோ, நக்கோ, வேண்டாம்ட்டி. பவுடர் கூடினா வாடை போவும்னு எவ சொன்னா? அலசினதுல போவாத பவுடர்தான் துணிக்குள்ள உக்காந்து அழுகுது. பாதி போடு." நான் செண்ட் பாட்டில் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, "செண்ட் அடிச்சா வாடை போவாதுட்டி, ஒளிஞ்சுக்கிடும்" என்றீர்கள். எதை நான் ஒளிக்கிறேன் என்கிறார் இவர் என்று அன்று முழுக்க மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு என் துணிகளை பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன்.

பிறகு அந்த எலி. மெஷினுக்குப் பின்னால் எலி செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உங்கள் தம்பி டூரில். நீங்கள் அந்த மெஷின் பக்கத்திலேயே சம்மணமிட்டு நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். என் துப்பட்டாவில் இல்லாத வாடையைக் கண்டுபிடிக்கிற மூக்குக்கு இது தெரியாதா? நான் வந்து அள்ளட்டும் என்றுதான் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். மூளை இருந்தால் அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு இருந்ததெல்லாம் சந்தேகம்தான்.

உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சனிக்கிழமை காலையில் பொறி வைத்தேன். துவைத்துக் காய்ந்து, நான் தொடக்கூடச் செய்யாத துப்பட்டாவை எடுத்துக் கசக்கி அழுக்குக் கூடையில் போட்டேன். உங்கள் தம்பி குளிக்கப் போயிருந்தார். நீங்கள் வந்தீர்கள், எடுத்தீர்கள், கண்ணை மூடி முகர்ந்தீர்கள், நீட்டினீர்கள்.

"மோந்து பாருட்டி. வாடை அடிக்கா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "என் துணியில ஒரு வாடையும் இல்ல மைனி. உங்க மேலதான் அடிக்கு. பக்கத்துல வந்தாலே அடிக்கு. யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டேங்காங்க, அவ்வளவுதான்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். நீங்கள் துப்பட்டாவை மெதுவாக மடித்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"எப்பயிருந்துட்டி?"

இதுவும் ஒரு சாமர்த்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "நான் வந்த நாள்லயிருந்தே" என்றேன்.

மறுநாளிலிருந்து உங்களுக்குத் தனி வாளி, தனி சோப்பு. காலையில் ஒரு குளியல், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சோபாவில் எங்களோடு உட்காருவதை விட்டீர்கள். சாப்பாட்டுத் தட்டோடு அடுக்களைக்குள் போய்விடுவீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால், "பஸ்ல கூட்டமா இருக்கும், நீங்க போங்க" என்பீர்கள். தம்பியின் பரிதாபத்தைச் சம்பாதிக்கப் போடுகிற நாடகம் என்று நினைத்தேன். வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொல்லி இரண்டே மாதத்தில் அவரைக் கொண்டாப்பூர் பிளாட்டுக்குக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே நீங்கள் வந்தது மூன்றே முறை. மூன்று முறையும் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டீர்கள். "காத்தாட இருக்கு, இங்கயே இருக்கேன்." பிள்ளை பிறந்தபோது தொட்டிலுக்கு எட்டியே நின்று பார்த்தீர்கள். கையில் கொடுத்தபோதும், "நக்கோ, பச்சப்புள்ள" என்று பின்னால் நகர்ந்தீர்கள். பாசமில்லாத மனுஷி என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். காரியத்துக்கு உங்களோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் வந்திருந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். உங்கள் புடவைகளை நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"துணி விஷயத்துல பைத்தியம் இவ. பாவம், மூக்கு செத்துப்போனா என்ன செய்வா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன மூக்கு என்றேன்.

"அரே, உனக்குத் தெரியாதா? ஸ்கூட்டர்லேருந்து விழுந்து தலையில அடிபட்டதே, அதுலேருந்து வாசனையே தெரியாது அவளுக்கு. தம்பிகிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. சொன்னா கேஸ் அடுப்புப் பக்கம் விடமாட்டானாம். ஆபீஸ் வந்ததும் தினம் என்னைத்தான் கேப்பா, 'ஏய், என் மேல வாடை வருதா பாரு'ன்னு. எதுக்கு இவ்ளோ பயம்னு நான் சிரிப்பேன். அவ ரிட்டயர் ஆனப்போ எனக்கும் வெளியூருக்கு மாத்தலாச்சு, இனிமே யாருடீ உனக்கு மோந்து சொல்லுவான்னு கேட்டேன். 'தம்பி பொண்டாட்டி வரப்போறா, அவ சொல்லுவா'ன்னா."

முதலில் அந்த அம்மாவையும் சந்தேகப்பட்டேன். என் குணம் அப்படி. பிறகு எலி ஞாபகம் வந்தது. தொட்டில் ஞாபகம் வந்தது. கையிலிருந்த புடவையை அடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தம்பியிடம் நீங்கள் மறைத்ததைச் சொன்னேன். நான் உங்களிடம் சொன்னதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. நான் சொன்னது பொய்யா என்று பார்க்க உங்களுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. தம்பியிடம் கேட்டால் மூக்கு விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் என்னை நம்பினீர்கள். என்னை நம்பிய ஒரே காரணத்தால் என் பிள்ளையைத் தூக்காமலே போனீர்கள். ஒருவேளை பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று சில நாள் என்னையே தேற்றிப் பார்ப்பேன். அந்தச் சந்தேகம் மட்டும் என்னிடம் நிற்க மாட்டேன் என்கிறது.

மகளின் துண்டை இப்போது வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன். பவுடர் பாதிதான். மெஷின் திறந்தே கிடக்கிறது. சாயங்காலம் அவள் வந்ததும் துண்டை மோந்து பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். உங்கள் புடவை ஒன்றை மட்டும் நான் துவைக்கவில்லை. அதில் வெயிலில் காய்ந்த பருத்தி வாசனை, கொஞ்சம் ஆப்பசோடா, நெற்றி விபூதி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்போதும் அடித்த வாசனை அதுதான். நீங்கள் ஒருத்தர்தான் அதை அறியவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டீர்களே. ஒரு நாளும் இல்லை, மைனி.