நான்காவது கியர்

மார்ச் 3
என் கணவரைக் கொண்டுபோன விபத்தின்போது நான் காரில் தூங்கிக்கொண்டிருந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். தவறு. விழித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மகன்தான் ஆரம்பித்துவைத்தான்: “அப்பா ஓட்டினாரு, அம்மா தூங்கிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” நான் மறுக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தில் காற்புள்ளியைக்கூடத் திருத்துகிறவள் நான்.

மார்ச் 9
மெக்கானிக் வந்தார். முப்பது வருடமாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

“பிரேக் பேடெல்லாம் தீய்ஞ்சு கிடக்கும்மா. மலையிலேர்ந்து மிதிச்சுக்கிட்டே வந்தாதான் அப்படி ஆகும். சார் ஏறின கியர்லயேதானே இறக்குவாரு, பிரேக்கே தேயாதே! ‘உங்கள நம்பி பிரேக் பேடு வாங்கி வச்சா நான் பட்டினிதான் சார்’னு கேலி பண்ணுவேன்...”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மகன் அவர்மேல் புகார் கொடுத்திருக்கிறான். பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

“உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்காம்மா?”

“தூங்கிட்டேன்” என்றேன்.

மார்ச் 10
பொய். கான்வென்ட்டில் இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

மார்ச் 14
எழுதிவிடுகிறேன். இரண்டாவது கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தார். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் தேயாது — நாற்பது வருடமாகக் கேட்ட பாடம். என் பள்ளித்தோழியின் புதுக் காரில் ஒரு சுற்று போய்விட்டு வந்திருந்தேன். அதில் சத்தமே இல்லை.

“லாரி மாதிரி என்ன இது உறுமல்? கியரை மாத்துங்க.” ஒருமுறை அல்ல, மூன்று முறை சொன்னேன்.

“உத்தரவு, மகாராணி.” சிரித்துக்கொண்டே நான்காவதில் போட்டார். அதற்குப் பிறகு பிரேக்கிலேயே கால். எட்டு வளைவு. தீய்ந்த நாற்றம் — அதையும் குறை சொன்னேன். ஒன்பதாவது வளைவில் மிதி தரைவரை போய்விட்டது. கியரைக் குறைக்கப் பார்த்தார், விழவில்லை.

“பிரேக் புடிக்கல. நீ கெட்டியாப் புடிச்சுக்கோ.”

அப்பவும் என்னைப் பத்தின கவலைதான். ஐயோ, வாயை மூடிட்டு வந்திருக்கக்கூடாதா நான்?

மார்ச் 15
எல்லாவற்றையும் மகனுக்கு எழுதித் தபாலில் சேர்த்தேன். உறையை ஒட்டும் முன் காற்புள்ளிகளைக்கூடத் திருத்தினேன்.

மார்ச் 29
பட்டறை திறந்திருக்கிறது. மகன் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டானாம். மெக்கானிக் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஞாயிறுதோறும் வருகிற மகன், இரண்டு ஞாயிறாக வரவில்லை.

ஏப்ரல் 6
இன்று அவனுக்கு அனுப்பியதன் நகல்:

“புகாரைத் திரும்பப் பெற்றது சரியான செயல். மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை. போன் வேண்டாம், உனக்கும் அப்பா குரல்தான். திட்டுவதானாலும் சரி, ஒரு வரி பதில் எழுது.”