யாரைப் பார்க்க வந்தார்

ஆடி 6, ஞாயிறு

விடியும்போதே காற்று. மில்லிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வந்து ஹாஸ்டல் வராந்தா முழுக்க வெள்ளை. இரண்டு தடவை கூட்டச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல எனக்கே அலுப்பு.

பார்வையாளர் நாள். காலை பத்து முதல் மாலை நான்கு. வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். வார்டன் நான் உள்ளே விட்டது முப்பத்தொன்று.

விடாத அந்த ஒருத்தி கமுதிப் பக்கத்து அம்மாள். மூக்கம்மாள் என்று பெயர். அறுபது வயது இருக்கும். காளீஸ்வரியின் பெரியம்மாவாம், அவளைப் பார்க்க வேண்டுமாம். காளீஸ்வரி இருபது வயதுப் பெண், வந்து இரண்டு வருடம். அவளைப் பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை. ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா போட்டோ மட்டும். அம்மா என்ற இடத்தில் 'இல்லை'. பெரியம்மாவுக்கு அதில் கட்டமே கிடையாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், அவ்வளவுதான். போட்டோவும் முகமும் ஒத்துப்போக வேண்டும்.

"நான் பெத்தவ இல்லத்தா, வளத்தவ. அவ ஆத்தா போறப்ப அவளுக்கு மூணு வயசு."

"இருக்கலாம்மா. ஃபாரத்துல இல்லையே."

"அவ அப்பன் வேற கல்யாணம் பண்ணிப் போயி பதினஞ்சு வருசமாச்சு. அவன் வந்தா விடுவீகளா?"

"போட்டோ ஒத்துப்போனா விடுவேன்."

"சரித்தா. நீ என்ன செய்வ" என்றாள்.

சண்டை போடுகிறவர்களைச் சமாளித்துவிடுவேன். இப்படிச் சொன்னால் என்ன செய்ய. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நான்கு மணி வரை உட்கார்ந்து ஹாஸ்டல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சன்னல் ஸ்டோர் ரூம் சன்னல். நான் சொல்லவில்லை.

பையில் என்ன என்று வாட்ச்மேன் செல்லையா அண்ணன் பார்த்தார்: ஒரு தூக்கு அதிரசம், தேங்காயெண்ணெய் பாட்டில், புது நைட்டி ஒன்று, வேப்பங்கொட்டை சோப்பு. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது, அதுவும் சட்டம். பையையும் திரும்பக் கொண்டுபோனாள். மூன்று பஸ் மாறி வந்தவள்.

இன்று கோழிக் குழம்பு. எனக்கு எடுத்துவைத்தது ஆறிப்போயிருந்தது. அறையில் தனியாகச் சாப்பிட்டேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.


ஆடி 7, திங்கள்

மோட்டார் காயில் போச்சு. எலெக்ட்ரீஷியன் "வாரேன் வாரேன்" என்று பகல் முழுக்கப் போனிலேயே வந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் குளிக்கத் தண்ணீரில்லாமல் ஒரே கச்சேரி.

காளீஸ்வரி வந்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"மேடம், நேத்து எங்க பெரியம்மா வந்துச்சா?"

"வந்தாங்க."

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"நாலு மணி வரைக்கும்."

தலையாட்டிவிட்டுப் போனாள். ஏன் விடவில்லை என்று கேட்பாள், பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

போன் நேரம் ஆறு முதல் ஏழு. மற்ற நேரம் எண்பத்துநான்கு போனும் என் பீரோவில். ஏழு மணிக்குப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். காளீஸ்வரி இன்று பத்து நிமிடம் முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய பூட்டை ஹேர்பின்னால் திறந்துவிட்டார்கள், போன வருடம். அதன்பிறகு நானே திண்டுக்கல் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். கடைக்காரரைப் பத்து பூட்டு எடுத்துப்போடச் சொல்லி, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து வாங்கியது. இரண்டாவது சாவியை ஆபீசில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே வளையத்தில், என் கைப்பையில். யாரை நம்புவது.


ஆடி 9, புதன்

காற்று நின்றபாடில்லை. கொடியில் போட்ட என் சேலை மில் காம்பவுண்டைத் தாண்டிப் போய்விட்டது. போகட்டும், பழசு.

போன் நேரத்தில் வராந்தாவில் நிற்பது என் வேலை. ஒட்டுக்கேட்பது என்று பிள்ளைகள் சொல்வார்கள். இன்று ஒட்டுத்தான் கேட்டேன்.

காளீஸ்வரி: "ஏன் அன்னைக்கே சொல்லல? ... எப்ப? ... அடுத்த புதனா? ... கட்டின்னா எம்புட்டுப் பெருசு? ... நீ அழாத. நான் லீவு கேக்குறேன்."

போனை வாங்கும்போது கேட்டேன். பெரியம்மாவுக்கு மார்பில் கட்டியாம். மதுரையில் ஆபரேஷன். படுப்பதற்கு முன்னால் பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வந்திருக்கிறாள். கேட்டில் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன். இந்த நோட்டிலாவது பொய் எழுத வேண்டாம்.


ஆடி 10, வியாழன்

காளீஸ்வரி லீவு கேட்டுப் போனாள், கிடைக்கவில்லை. நானும் ஹெச்.ஆர். சாரிடம் போனேன்.

"பெரியம்மாவுக்கெல்லாம் லீவு குடுக்க முடியாது மேடம். விசிட்டர் லிஸ்ட்தான் லீவுக்கும். நீங்க எழுதிக் குடுத்ததுதானே அது."

ஆமாம். நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி மாற்றாமல் டைப் அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

ஏன் எழுதினேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். மாமா என்றான். சிரித்த முகம், கையில் பழம். நம்பினேன். செருப்பு வாங்க வேடசந்தூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றான், அனுப்பினேன். மூன்று நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அவள் அம்மா கேட்டில் புரண்டு அழுதது இப்போதும் காதில். பிள்ளை திரும்பி வந்தாள், ஆனால் வேலைக்கு வரவில்லை, என்னோடு பேசவுமில்லை. அன்று உட்கார்ந்து எழுதியதுதான் இந்தச் சட்டம். இனிமேல் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தாளைப் பார்த்துத்தான் என்று.

தாளில் அப்பன் இருக்கிறான், வளர்த்தவள் இல்லை. இதற்கு என்ன செய்வது? ஒருத்திக்குத் திறந்தால் அடுத்த ஞாயிறு பத்து பெரியம்மா வந்து நிற்பார்கள். அதில் ஒன்று அந்தச் சிரித்த முகக்காரன் அனுப்பியதாக இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.


ஆடி 11, வெள்ளி

ஸ்டோர் ரூம் ஒதுங்க வைத்தேன். பழைய பார்வையாளர் நோட்டுகள் ஏழு. தேதி, வந்தவர் பெயர், யாரைப் பார்க்க வந்தார், உறவு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்.

தரையில் உட்கார்ந்து மூன்றாவது கட்டத்தை மட்டும் விரலை வைத்துக்கொண்டே பார்த்தேன். பதினோரு வருடம். என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. இருக்காது என்று தெரியும், தெரிந்துதான் தேடினேன். அவர் இறந்தபிறகு இங்கே வந்தேன். வத்தலக்குண்டு வீட்டை விற்றாகிவிட்டது. தம்பி திருப்பூரில், பொங்கலுக்குப் பொங்கல் ஒரு போன். யார் வருவார்கள்?

அப்போதுதான் தோன்றியது. வார்டனைப் பார்க்க யார் யார் வரலாம் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. எழுதியவளுக்கே அது தோன்றவில்லை.


ஆடி 12, சனி

காளீஸ்வரியிடம் பெரியம்மா நம்பர் வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன்.

"நாளைக்கு வாங்கம்மா."

"விட மாட்டேன்னீகளே?"

"அவளைப் பாக்க விட மாட்டேன். என்னையப் பாக்க வாங்க."

"வாரேன்த்தா" என்றாள்.

வாங்க வேண்டியது: தைலம், ஊக்கு, எலிப்பொறி.


ஆடி 13, ஞாயிறு

பத்தரைக்கு வந்தாள். அதே பை.

செல்லையா அண்ணன் நோட்டைத் திறந்தார். "யாரைப் பாக்க?" அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான், "என்னையத்தான்" என்றேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுதினார்.

"உறவு என்னம்மா?"

அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. கிறுக்கச்சி. இத்தனை நாள் யோசித்ததில் இதை விட்டுவிட்டேன். "அக்கா" என்று வாயில் வந்தது. அண்ணன் அதையும் எழுதினார். எதுவும் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

துவைத்த பெட்ஷீட் மடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று காளீஸ்வரியை என் அறைக்குக் கூப்பிட்டுவிட்டு நான் வராந்தாவில் போய் நின்றேன். உள்ளே முதலில் அழுகை. அப்புறம் யார் இளைத்துப்போனது என்று இரண்டு பேருக்கும் சண்டை. இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்ஷீட் போட்டது போட்டபடி கிடக்கிறது.

காளீஸ்வரி போனபிறகும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"உன்னையப் பாக்க வந்ததாத்தான எழுதியிருக்கு? அப்ப உன்கிட்டயும் செத்த நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும்" என்றாள். "சாப்டியா?"

"எல்லாரும் சாப்ட்ட பெறகுதான்."

"யாரு கூட?"

இதென்ன கேள்வி. தூக்கைத் திறந்து அதிரசம் எடுத்து நீட்டினாள். வெளிச் சாப்பாடு. மூன்று சாப்பிட்டேன். மூன்றாவதைச் சாப்பிடும்போது கண் கலங்கிவிட்டது. ஏலக்காய் தூக்கல் என்று சொல்லி வைத்தேன்.

"கத்திக்குப் பயமில்லத்தா. மயக்க ஊசி போட்டா முழிக்காமப் போயிருவேனோன்னுதான் பயம்."

"கூட யாரு இருக்கப்போறா?"

"பக்கத்து வீட்டுக்காரி வாரேன்னா. அவளுக்கும் ஆடு கெடக்கு, மாடு கெடக்கு."

மூன்று மணிக்குப் போனாள். நோட்டில் வெளியே போன நேரம் நான் எழுதினேன். பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.


ஆடி 14, திங்கள்

ஹெச்.ஆர். சார் நோட்டுப் பார்க்கும் நாள். புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"உங்களுக்கு விசிட்டரா மேடம்? அக்கா இருக்காங்கன்னு சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதில்லையே சார்."

இந்த வயதில் திருடிப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன். இந்தப் பொய்யை ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு புதன்கிழமை ஆபரேஷன். அன்னைக்கு லீவு வேணும். கூடப்பிறந்தவங்களுக்குக் குடுக்கலாம்னு லிஸ்ட்ல இருக்கு."

பேனாவை மூடினார், திறந்தார். காளீஸ்வரி லீவு கேட்டதும் புதன்தான், அந்த லீவு லெட்டரும் அவர் மேசையில்தான் கிடந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.


ஆடி 15, செவ்வாய்

நான் மதுரை போவதைக் காளீஸ்வரியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முழிச்சதும் வீடியோ கால்ல என் மூஞ்சியக் காட்டுறேன்னு பெரியம்மாகிட்ட சொல்லியிருக்கேன் மேடம். போன் மட்டும் குடுத்திருங்க." ஷிப்ட் விட்டு இரண்டரைக்கு வந்துவிடுவாள். கொடுக்கிறேன் என்றேன். போன் நேரமில்லாத நேரம். அதுவும் சரிதான், எத்தனையோ மீறியாகிவிட்டது.

நாளைக்கு:
அலாரம் நாலரை
அக்காவுக்கு ஃபிளாஸ்க், துண்டு
பால்காரனுக்குச் சொல்ல
பீரோ சாவி சமையலம்மாவிடம்
குடை


ஆடி 16, புதன்

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா, பெஞ்சு. பேனா மூடி எங்கேயோ விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி வரவில்லை. ஆடு குட்டி போட்டுவிட்டதாம். ஃபாரத்தில் நோயாளிக்கு உறவு என்று ஒரு கட்டம். தங்கை என்று எழுதினேன்.

பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "அவ கேட்டா நான் சிரிச்சுக்கிட்டே போனேன்னு சொல்லு" என்றாள். சிரிக்கவில்லை. ஒன்றரைக்கு வெளியே வந்தது ஸ்ட்ரெச்சர். கட்டியை எடுத்தாகிவிட்டது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, மற்றது பிறகு என்றார் டாக்டர்.

மூன்றே காலுக்குக் கண் முழித்தாள். உதடு காய்ந்திருந்தது. "காளி எங்க?" என்றாள்.

சமையலம்மாவுக்குப் போன் போடலாம் என்று கைப்பையைத் திறந்தால் மேலேயே கிடக்கிறது சாவி வளையம். இரண்டு சாவியும். நேற்று பட்டியல் போட்டு எழுதினேனே. குடையை மறக்கவில்லை, பாலை மறக்கவில்லை.

"வந்துருவா" என்றேன். மறுபடி, "காளி?" என்றாள். கண் செருகியது. வராந்தாவுக்கு ஓடிவந்தேன்.

சமையலம்மாவிடம் இருப்பது பட்டன் போன். செல்லையா அண்ணனிடமும் அதேதான். குரல் கேட்கலாம், முகம் தெரியாது. காளீஸ்வரி சொல்லியிருந்தது முகம்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பூட்ட ஒடைங்கண்ணே."

"எந்தப் பூட்டம்மா?"

"போன் பீரோ. காளீஸ்வரி போன எடுத்து அவ கையில குடுங்க."

"வார்டனம்மாதானே பேசுறது?"

"நாந்தேன். சீக்கிரம்."

"மத்த பிள்ளைக போனும் வெளிய கெடக்குமேம்மா."

"கெடக்கட்டும்."

போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போல. படி ஏறுகிற சத்தம், பிள்ளைகள் ஓடிவருகிற சத்தம், அப்புறம் சுத்தியல். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கட்டிலருகே போய் நின்றேன். அக்கா கண்ணைத் திறந்து, "என்னத்தா சத்தம்?" என்றாள். அவள் காதிலும் வைத்தேன்.

பதினாறாவது அடியில்தான் திறந்தது. நல்ல பூட்டு. நான் பார்த்து வாங்கியது.