எந்த வெள்ளை

ஜூலை 4, வெள்ளி
சாயங்காலம் விளக்கேற்றியபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், நாத்தனார் தனக்கொடி. இருபதாம் தேதி அவருக்கு அறுபதாம் கல்யாணம். பேச்செடுத்ததும், "புள்ள இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.
செம்மல் அந்த சரிதாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அரியாங்குப்பம் போய் ஐந்து மாதம். வேறு ஜாதிப் பெண். படியேறாதே என்று சொல்லியிருக்கிறேன். நானா கூப்பிடுவேன்?

ஜூலை 6, ஞாயிறு
அவன் அலமாரியைத் துடைத்தேன். உள்ளங்கை அளவு அம்பாசிடர் கார். அப்பா ஓட்டிய வண்டி மாதிரியே செய்து அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தது. வெள்ளை அடித்து, பளபளப்பு ஏற்றாமல் விட்டுப் போயிருக்கிறான். நானே முடித்து அவர் கையில் கொடுத்தால் மனசு இரங்குவாரா?

ஜூலை 8, செவ்வாய். பிரதோஷம்
கடையில் லேக்கர் ஸ்பிரேதான் நல்ல பளபளப்பு என்றார்கள். டிக்கி மேல் அடித்தேன். கண்ணெதிரே பாலாடை மாதிரி சுருங்கிப் போச்சு. பிள்ளையாரப்பா, என்ன பண்ணி வச்சிருக்கேன். கோயிலுக்குப் போக உடம்பில் தெம்பில்லை.

ஜூலை 9
இடுப்பு வலி. சாதமும் ரசமும்தான்.

ஜூலை 11, வெள்ளி
யூடியூப் பார்த்து ஐஸ்கிரீம் ஸ்பூன்களில் அடித்துப் பார்த்தேன். காய்ந்த லேக்கர் மேல் எனாமல் உட்காருகிறது. எனாமல் மேல் லேக்கர் அடித்தால் சுருங்குகிறது. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக், அடியில் இருப்பது நன்றாகக் காய்ந்திருந்தால் இரண்டின் மேலும் நிற்கிறது. ஆக, செம்மல் அடித்தது எனாமல்.
தனக்கொடி எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, பெயிண்ட்டுக்கும் ஜாதி பாக்குறீங்களா?"
"போடி, வேலையப் பாரு" என்றேன்.

ஜூலை 12, சனி
சுருங்கியதைத் தேய்த்து எடுத்தாயிற்று. அந்த இடத்துக்கு எந்த வெள்ளை? இரண்டு குப்பி வாங்கினேன், 180 ரூபாய், இரண்டும் தண்டம். ஒட்டுப் போட்ட மாதிரி தெரிகிறது. இது வெறும் வெள்ளை இல்லை, எதையோ கலந்திருக்கிறான். கேட்காமல் முடியாது. கேட்பதா?

ஜூலை 13, ஞாயிறு
கேட்டுவிட்டேன். "அப்பா காருக்கு என்ன கலந்த?" அவ்வளவுதான் அனுப்பினேன்.
உடனே போன் வந்தது.
"அது நான் கலக்கலம்மா. எனக்கு அந்தக் கலரே வரல. அப்பாவோட பழைய போட்டோவ வச்சிக்கிட்டு சரிதாதான் கலந்தா. கல்யாணத்துக்கு முன்னாடியே. அளவெல்லாம் இல்ல, அவ கண்ணுதான்."
வைத்துவிட்டேன். அன்றைக்கு வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளோ அவருடைய வண்டியின் நிறத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்
காலையில் பூஜை முடித்து அனுப்பியது:
"செம்மல், கார் டிக்கிய நான் கெடுத்துட்டேன். எனக்கு அந்த வெள்ள வரல. சரிதாவக் கூட்டிக்கிட்டு வா. இங்கயே உக்காந்து கலக்கட்டும். வாசல்ல நிக்க வேணாம், ரெண்டு பேரும் உள்ள வாங்க. சாப்பாடு இங்கதான். புதன்கிழமையா, வியாழக்கிழமையா? அவளயும் கேட்டுட்டு சீக்கிரம் பதில் போடு."