பேசாத பட்டன்கள்

கைலாசபுரம்
9 ஜூன் 2025

அன்புள்ள ரோசரி,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்த மெயில். உன் போன் மூக்கால் பேசுகிற குரலில் படித்துக் காட்டும், கேட்டுக்கொள்.

யாரடி அந்த அல்ஃபியா? மூன்று மாதம் கிளாஸுக்குப் போய்க் கற்றுக்கொண்டு நான் செய்த முதல் வெப் பேஜ் அது. உன் இங்கிலீஷ் டியூஷனுக்காகச் செய்தேன். நேர அட்டவணையை என் கையெழுத்திலேயே எழுதி, போட்டோ எடுத்துப் போட்டேன். நீ அவளை எடிட் பண்ண விட்டதும் பத்தே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். போனை எடுத்தால் "அல்ஃபியா சொன்னா, அல்ஃபியா சொன்னா" என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காலேஜில் கண் தெரியாத உனக்காக, நீ சொல்லச் சொல்ல உன் பரீட்சையை எழுதியது யார்? "என் கண்ணே நீதான் மணி" என்று சொன்னது யார்?

உன்
மணிமேகலை

ஸ்ரீரங்கம்
11 ஜூன் 2025

அன்பு மணி,

அல்ஃபியா மலைக்கோட்டைத் துணிக்கடைக்காரர் மகள். என்னிடம் இங்கிலீஷ் படிக்கிறாள். அவ்வளவுதான்.

நீ செய்த பக்கத்தை என் போன் எப்படிப் படித்தது தெரியுமா? "படம். படம். பட்டன். பட்டன்." எந்த பட்டன் எதற்கு என்று சொல்லவே இல்லை. உன் அழகான கையெழுத்து அதற்கு வெறும் படம். தலைப்புகளைப் பெரிதாக, தடிமனாகப் போட்டிருந்தாய். போனுக்கு அவையும் சாதாரண வரிகள்தான். அவள் அவற்றைத் தலைப்பு என்றே குறித்து, பட்டன்களுக்குப் பெயர் வைத்து, அட்டவணையை எழுத்தாக அடித்துக் கொடுத்தாள். இப்போது வேண்டிய இடத்துக்கு நானே தாவிப் போகிறேன்.

உன்னிடம் மூன்று தடவை சொன்னேன். "நான்தான் இருக்கேன்ல, படிச்சு சொல்றேன்" என்றாய்.

அன்புடன்
ரோசரி

கைலாசபுரம்
12 ஜூன் 2025

ரோசரி,

ஆக, இனி நான் எதற்கு? அதை நேராகவே சொல்லியிருக்கலாம். ஆமாம், பொறாமைதான். உனக்கு வேண்டியதை வேறொருத்தி செய்தால் எனக்குப் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டு இன்னும் என்னிடமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கத்தையே ஏற்றிவிடுவேன். வேண்டாம் என்றால் என்னைக் கூப்பிடு.

மணி

ஸ்ரீரங்கம்
14 ஜூன் 2025

மணி,

கூப்பிடவில்லை. எழுதுகிறேன்.

அல்ஃபியா பெயர் வைத்த பட்டன்களில் ஒன்று "வந்த செய்திகள்". பக்கத்தைப் பார்த்து எனக்கு எழுதுகிறவர்களின் கடிதங்கள் அங்கேதான் சேருமாம். இத்தனை நாள் அவற்றை நீதான் படித்துச் சொன்னாய். நேற்று முதல்முறையாக நானே திறந்தேன்.

ஜனவரியில் தஞ்சாவூர்க் காலேஜ் ஒன்று, மாணவிகளுக்கு இரண்டு நாள் இங்கிலீஷ் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறது. கீழே உன் பதில்: "ரோசரி தனியாக வெளியூர் வருவதில்லை. மன்னிக்கவும்." அதைப் போனில் நான்கு தடவை திரும்பத் திரும்பப் படிக்க வைத்துக் கேட்டேன். அந்த வாரம் வந்த மற்ற எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினாய்.

உனக்கு லீவு கிடைத்திருக்காது. வேறு யாரும் என்னைக் கூட்டிப்போவதையும் உன்னால் தாங்க முடியாது. புரிகிறது மணி. ஆனாலும் வலிக்கிறது.

அவர்களுக்கு நானே எழுதினேன். இருபத்தெட்டாம் தேதி வரச் சொல்லிவிட்டார்கள். "நானும் வரேன் மிஸ்" என்றாள் அல்ஃபியா. வேண்டாம் என்றேன். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கேட்டு நானே இறங்கிக்கொள்வேன்.

நாளை ஞாயிறு. பழைய பக்கத்தை ஏற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஏற்றினால் எனக்கு அது மறுபடியும் ஊமையாகிவிடும். அதைப் படித்துக் காட்டச் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

ரோசரி